ஒரு ஹெலிப் பயணமும் ‘தெரியாது’ என்ற சொல்லும்

1

கொழும்பில் ஒரு லொட்ஜில் கனடா விசாவுக்காகக் காத்திருக்கும் என் மனைவியின் தம்பி ரூபன் போன கிழமை போனில் கேட்டான்.

"அத்தான், நீங்கள் அங்கை காசு குடுத்து ஹெலியிலை ஏறித் திரியிறியளாம். மெய்யோ?"

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஹெலி என்று யாராவது சொன்னால் ஆட்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், பிறகு பங்கர் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அதில் காசு கொடுத்து ஏறுகிறவன் ஒன்றில் மண்டை பழுதான விசரனாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் விலைபோனவனாக இருக்கவேண்டும். ரூபன் என்னை இரண்டில் எதற்குள் போட்டிருக்கிறான் என்று குரலில் பிடிபடவில்லை.

"ஆர் உனக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

"இஞ்சை லொட்ஜிலை எல்லாரும் கதைக்கினம்."

எல்லாரும் என்றால் ஒருவன்தான் என்பது என் அனுபவம். அந்த ஒருவன் யார் என்று இரண்டு நாளாக யோசித்தேன். இங்கே ஸ்காபரோவில் தும்மினால் பருத்தித்துறையில் காய்ச்சல் என்று கதை போகும். இனிமேல் யார் யாருக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஏறினேன், ஓம். ஒரே ஒரு முறை. காசு கொடுக்கவில்லை. ஏன் ஏறினேன் என்பதைக் கேட்டுவிட்டு, விசரனா விலைபோனவனா என்று ஊரிலிருப்பவர்களே முடிவு செய்யட்டும்.

முதலில் என்னைப்பற்றி ஒரு விஷயம். நான் சந்தேகக்காரன். பிறவிக் குணம் பாதி, தொழில் கொடுத்தது பாதி. எக்ளின்ரன் வீதியில் ஒரு சீலைக்கடைக்கும் மீன்கடைக்கும் நடுவில் எங்கள் ரிக்கற் ஏஜென்சி இருக்கிறது. ஒருவழி ரிக்கற் கேட்டு வருகிறவன், பாஸ்போட்டில் ஒரு பெயரும் வாயில் இன்னொரு பெயருமாக வருகிறவன், "செக் நாளைக்குப் போடுங்கோ அண்ணை" என்கிறவன், எல்லோரையும் பார்த்துப் பார்த்து என் கண் கோணிவிட்டது. பன்னிரண்டு வயது மகள் கவிதா சொல்லுவாள்: "அப்பா, யு ஆர் சோ பரனோயிட்." அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று அவளிடமே கேட்டேன். "அம்மாட்டைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு ரீவிக்குத் திரும்பிவிட்டாள். அம்மா, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள். பிள்ளை ஒரு சொல்லில் முடித்ததைத் தாய்க்குச் சொல்ல ஒரு பழமொழி வேண்டியிருந்தது. இந்த வீட்டில் நான் யாரோடு எந்தப் பாஷையில் சண்டை பிடிப்பது என்றே எனக்கு விளங்குவதில்லை.

நான் கனடா வந்த முதல் கோடையில் நானூற்றியொன்று பெருந்தெருவுக்கு மேலே ஒரு ஹெலி சுற்றிக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்கு நின்ற நான் பஸ்தரிப்பின் கண்ணாடிக்குப் பின்னால் குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி, காசு ஏதும் விழுந்துவிட்டதாக நினைத்து எனக்காக நிலத்தில் தேடினாள். அது வாகன நெரிசலைப் பார்த்து ரேடியோவில் சொல்லுகிற ஹெலி என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் அதை நம்பவில்லை. நெரிசலைப் பார்க்க எதற்கு ஹெலி?

2

ஒவ்வொரு வசந்தத்திலும் சுற்றுலாக் கொம்பனிகள் ஏஜென்சிக்குப் படப்புத்தகங்கள் அனுப்பும். அவற்றில் ஒன்று, மேற்கே, கல்கரியில் இறங்கிப் போகவேண்டிய பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் ஆட்களை ஹெலியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பனியாற்றில் இறக்கி, வழிகாட்டியோடு நடக்கவிட்டு, பிறகு ஹெலியிலேயே திருப்பிக் கொண்டுவருகிற கொம்பனியுடையது. பனியாறு என்றால் ஆறுமில்லை, தண்ணீருமில்லை. மலைப் பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு கிடக்கும் பழைய ஐஸ். அதன்மேல் நடந்து திரியக் காசு கொடுக்கும் சனம் இந்த உலகத்தில் இருக்கிறது. எங்கள் வாடிக்கைக்காரரோ கொழும்பிலிருந்து கலியாணத்துக்குப் பொம்பிளை எடுப்பவர்கள், தாய் தகப்பனைக் கூப்பிடுபவர்கள். அந்தப் புத்தகம் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கத்தான் உதவியது.

பஞ்சலிங்கம் அண்ணை அந்தக் கோப்பையைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். அவர் ரெக்ஸ்டேலில் மகள் வீட்டில் இருப்பவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஊரில் தபால்கந்தோரில் இருந்தவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் மட்டைப்பெட்டி மடித்தார். மருமகனின் தங்கைக்கு ரிக்கற் விலை கேட்க வந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து எடுத்த படம். ஒரே வெள்ளை. நடுவில் சின்னச் சின்னதாக ஐந்தாறு ஆட்கள்.

"தம்பி, உது ஹெலியிலையிருந்து எடுத்த படமோ?"

"ஓம் அண்ணை."

"ஆக்கள் நிக்கினம் என்ன?"

"நிக்கினம்."

"உதுக்கு எனக்கு ஒரு ரிக்கற் போடும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணை, ஹெலியிலை ஏற ஆசையெண்டா நயாகராவுக்குப் போங்கோ. காரிலை கொஞ்ச நேரம். நீர்வீழ்ச்சிக்கு மேலை ஒரு சுத்துச் சுத்திக் கொண்டந்து விடுவாங்கள்."

"அதிலை கீழை தண்ணியெல்லோ. எனக்கு உந்த வெள்ளைதான் வேணும்."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியில்தான் என் கோணல் கண் முழித்துக்கொண்டது.

"கல்கரிக்குப் போறதுக்கு மட்டும் ரிக்கற் எடுக்கேலுமோ? திரும்புறதைப் பேந்து பாப்பம்."

3

மனைவியை இழந்த மனிதன். தனியாகப் போகிறேன் என்கிறான். ஐஸ் மலைக்குப் போகிறேன் என்கிறான். ஒருவழி ரிக்கற் கேட்கிறான். என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

நான் நினைத்துக்கொண்டிருந்ததை இரண்டு நாளில் அவருடைய மகள் சாந்தி போனில் சொன்னாள். அப்பா வீட்டு மேசையில் விட்டிருந்த புத்தகத்தில் எங்கள் ஏஜென்சி முத்திரையைக் கண்டு நம்பர் எடுத்தாளாம்.

"அண்ணை, அப்பா போன மாசம் லைஃப் இன்சூரன்ஸ் எடுத்தவர். எனக்குச் சொல்லேல்லை. இப்ப ஹெலியிலை போறன் எண்டு நிக்கிறார். ஊரிலை ஹெலிச் சத்தம் கேட்டா மூண்டு நாளைக்குச் சோறு தின்னாத மனிசன். எனக்கு நெஞ்செல்லாம் பதறுது அண்ணை."

"ஏன் எண்டு கேட்டனியளோ?"

"கேட்டா, ‘எனக்கொரு அலுவல் இருக்கு’ எண்டுறார். ஐஸிலை இந்த மனிசனுக்கு என்ன அலுவல்?"

ரிக்கற் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கொடுக்காவிட்டால் அடுத்த தெருவில் கொடுப்பான். அவர் தனியாகப் போய்விடுவார். கொம்பனிக்குப் போன் எடுத்தேன். ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்டுக்கு ஒரு சீற் சும்மா தருவோம், வந்து பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார்கள். சும்மா என்றதும் எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே?" என்று மனைவி வசந்தி ஏசினாள். ஆனால் அது ஹெலி என்று தெரிந்ததும் அவளும் அடங்கிவிட்டாள். சூட்கேஸில் உடுப்பு அடுக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள்.

"உங்களுக்கு ஏலுமோ?"

"என்னத்துக்கு ஏலுமோ?"

"அந்தச் சத்தம்."

"இது கனடா ஹெலி" என்றேன். சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது.

நானும் வருகிறேன் என்றதும் பஞ்சண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாந்தி அனுப்பி விட்டவளோ?"

"இல்லை அண்ணை. கொம்பனி சும்மா சீற் தருது."

"சும்மா ஒண்டும் தரமாட்டாங்கள்" என்றார். மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

4

கல்கரிக்குப் பறந்து, அங்கே ஒரு கார் வாடகைக்கு எடுத்து, மலைகளுக்குள் போனோம். வழிநெடுக நான் அவரை வேவு பார்த்தேன். பாலங்களில் அவர் கீழே எட்டிப் பார்க்கிறாரா? சாப்பிடுகிறாரா? மொட்டலில் கதவைப் பூட்டுகிறாரா? இன்சூரன்ஸ் எடுத்ததைப்பற்றியும் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"மருமோன்ரை சிநேகிதன் ஒருத்தன் ஏஜெண்டு. நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து குந்தியிருந்தான். ஆட்டிறைச்சிக் கறி முடிஞ்சுபோகுதெண்டு கையெழுத்து வைச்சு அனுப்பினன்" என்றார்.

அதை நம்பலாம்போல இருந்தது. எங்கள் சனத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு வந்து குந்தாத வீடு ஏது? ஆனாலும் ஒருவழி ரிக்கற்?

"திரும்பேக்கை பஸ்ஸிலை நாட்டைப் பாத்துக்கொண்டு வரலாமெண்டு நினைச்சன். நீர் ஏன் உப்பிடி முழிசுறீர்?"

காலையில் ஹெலித்தளத்துக்குப் போனோம். காட்டு வீதியோரம் ஒரு புல்வெளி, ஒரு மரக்கொட்டில், அவ்வளவுதான். முதலில் கையெழுத்து. கடுதாசியில், ஏதும் நடந்தால் கொம்பனி பொறுப்பில்லை, காயம், அங்கவீனம், சாவு உட்பட என்று எழுதியிருந்தது. நான் தமிழில் சொன்னேன். பஞ்சண்ணை தலையாட்டினார்.

"நல்ல மனிசர். முந்தியே சொல்லுறாங்கள். ஊரிலை ஹெலி வரேக்கை ஒருத்தரும் எங்களிட்டை உப்பிடிக் கையெழுத்து வாங்கேல்லை."

பிறகு எங்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். ஹெலியில் பாரம் சமமாக இருக்கவேண்டுமாம். எங்களோடு ஒரு ஜேர்மன்காரத் தம்பதி, அமெரிக்காவிலிருந்து ஒரு பல்வைத்தியரும் அவருடைய மனைவியும், கலியாணம் முடித்த கையோடு வந்த ஒரு சோடி. எல்லோரும் நிறுக்கப்படும்போது சிரித்தார்கள். "ஆட்டுக்கிடாயை நிறுக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்று பஞ்சண்ணை முணுமுணுத்தார்.

வழிகாட்டி ஜில் என்ற இளம்பெண். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. ஹெலி கிட்ட வரும்போது எப்படி இருக்கவேண்டும் என்று அவள் சொல்லித்தந்தாள். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

"ஹெலி வந்தா ஓடக்கூடாதாம் அண்ணை. எல்லாரும் ஒண்டாச் சேந்து, குந்தி, அசையாமல் இருக்கட்டாம். ஓடுறதுதான் ஆபத்தாம்."

பஞ்சண்ணையின் முகம் மாறியது. கொட்டிலின் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே கிடந்த மரவாங்கில் குந்திவிட்டார். நான் பயந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"உதைத்தான் தம்பி நானும் அவவுக்குச் சொல்லிக் குடுத்தனான்" என்றார்.

ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஓடினால் ஓடுகிறவனைச் சந்தேகப்படுவான், சுடுவான். ஒளிக்க இடமில்லையென்றால் ஓடாதே, நில், இரண்டு கையையும் தூக்கி வெறுங்கை என்று காட்டு. அவருடைய மனைவி கடற்கரைப் பக்கம் மணல்வெளியில் வந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு மரமில்லை, பற்றையில்லை. ஆமி ஹெலி வந்ததும் கூட வந்தவர்கள் ஓடினார்கள். அவர் ஓடவில்லை. புருஷன் சொன்னதுபோல நின்றார், இரண்டு கையையும் தூக்கினார். ஓடியவர்கள் தப்பிவிட்டார்கள். தூரத்திலிருந்து கண்டவர்கள் வந்து இவரிடம் சொன்னார்கள்.

"ஹெலி உயரத்திலை நிண்டதோ அண்ணை?"

"தாழ்வா. மணல் கிளம்பி ஆக்களின்ரை கண்ணுக்குள்ளை விழுந்ததாம்."

கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.  அவராகவே சொன்னார்.

"இஞ்சை வந்து அகதிக் கேஸ் கேக்கேக்கை, விசாரிச்ச மனிசன் இங்கிலீசிலை ஏதோ கேட்டான். பக்கத்திலை இருந்த மொழிபெயர்ப்பு ஆள் என்னைக் கேட்டார், ‘மேலை இருந்தவனுக்கு அவவின்ரை கை தெரியுமோ?’ எண்டு. நான் ‘தெரியாது’ எண்டன்."

"ம்."

"எனக்குத் தெரியாது எண்டுதான் சொன்னனான். தெரிஞ்சுதோ இல்லையோ, நான் மேலையே இருந்தனான்? அந்த மொழிபெயர்ப்பு ஆள் அதை, கை தெரியாது, மேலையிருந்து பாக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டார். ‘குட் நொட் சீ’ எண்டது எனக்கு விளங்கினது தம்பி. அந்தளவு இங்கிலீசு எனக்கு வரும். எழும்பி, அப்பிடியில்லை எண்டு சொல்லியிருக்கோணும். கேஸ் பழுதாப் போயிடுமோ எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். அகதிப் பேப்பர் கிடைச்சிட்டுது."

 எங்கள் பாஷையில் ஒரு சொல்லுக்குள் இரண்டு கதவு. அறிவதும் தெரிவதுதான், கண்ணில் படுவதும் தெரிவதுதான். இத்தனை நாளும் இந்தப் பாஷையை வைத்துக்கொண்டு பெருமையடித்தவன் நான். இந்த மனிதர் அந்த இரண்டு கதவுக்கும் நடுவில் அகப்பட்டு நசிந்துபோய் இருந்தார்.

"பெண்சாதியைச் சுட்டவனுக்குப் புருஷனே சாட்சி சொன்ன மாதிரிப் போச்சு. அவனுக்குத் தெரியேல்லை பாவம் எண்டு. அது மெய்யெண்டா நான் ஆறிடுவன். பொய்யெண்டா, பொய்யெண்டு எனக்குத் தெரியோணும். அந்தப் படத்தைக் கண்டதும் எங்கடை மணல்தான் ஞாபகம் வந்தது. வெள்ளை. ஒரு மரமில்லை. ஆக்கள் நிக்கினம். மேலையிருந்து பாக்க எனக்கு வேறை ஆர் இடம் தருவாங்கள்?"

அதுதான் அவருடைய அலுவல். அவர் சாவைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பாலத்துக்குப் பாலம் அவரையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஹெலி இரண்டு தடவையாக ஆட்களைக் கொண்டுபோகும். முதல் தடவையில் என் பெயரும் அவர் பெயரும் இருந்தன. அவர் ஜில்லிடம் கேட்டுத் தன் பெயரை இரண்டாவதுக்கு மாற்றுவித்தார்.

"நீர் முதல் ஹெலியிலை போம். நான் இரண்டாவதிலை வாறன். ஹெலி கிட்ட வரேக்கை இரண்டு கையையும் தூக்கிப் பிடியும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

"செய்யிறன் அண்ணை" என்றேன்.

5

ஹெலிக்குள் இருப்பது ஒன்றுமேயில்லை. காதுக்கு மூடி தருகிறார்கள், கதவை அடைக்கிறார்கள், மலை கீழே போகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னேன். இறங்கியதும் ஹெலி மற்றவர்களை ஏற்றத் திரும்பிப் போனது. வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. சத்தமேயில்லை. பல்வைத்தியர் படமெடுத்தார். நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்: ஹெலி வரும், கையைத் தூக்கவேண்டும். இதில் என்ன கஷ்டம்?

பிறகு மலைமுகட்டுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தை ஊரில் கேட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேளாதவர்களுக்குச் சொல்லியும் விளங்காது. மற்றவர்கள் ஜில் சொன்னபடி குந்தினார்கள். நான் குப்புற விழுந்து, இரண்டு காதையும் பொத்தி, முகத்தை ஐஸுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தேன். கை தூக்குவதா? என் கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. சத்தம் அடங்கி யாரோ என் தோளைத் தட்டும்போதுதான் தலையைத் தூக்கினேன். பஞ்சண்ணை என் முன்னால் குந்தியிருந்தார்.

"ஐயோ அண்ணை, என்னை மன்னிச்சிடுங்கோ."

"பரவாயில்லை, எழும்பும். மூக்கெல்லாம் ஐஸ்."

"தெரிஞ்சுதோ?"

"நீர் கிடந்தது தெரிஞ்சுது. ஆள் எண்டு தெரிஞ்சுது. கை தெரியேல்லை. நீர் தூக்கினாத்தானே தெரியும்?"

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் இவ்வளவு தூரம் வந்த மனிதரை நான் ஏமாற்றிவிட்டேன் என்ற வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பல்வைத்தியர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கமுடியவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பூட்ஸுக்குக் கீழே இரும்புப் பல் வைத்த சட்டங்களைக் கட்டி, எங்கள் எல்லோரையும் ஒரே கயிற்றில் தொடுத்து, ஜில் முன்னே நடந்தாள். கையிலிருந்த தடியால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பனியைக் குத்திப் பார்த்தாள். மேலே பனி மூடியிருக்கும், கீழே ஆளை விழுங்கும் வெடிப்பு இருக்குமாம். வெளியே தெரியாதாம். எதையும் நம்பாதே, குத்திப் பார்த்துவிட்டுக் காலை வை என்றாள். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலை அன்றுதான் கண்டேன். வீட்டுக்குப் போனதும் இதை மகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெரிய வெடிப்பின் கரையில் நின்று எல்லோரும் பார்த்தோம். உள்ளே நீலம். அடி தெரியவில்லை. பஞ்சண்ணை மற்றவர்களைவிடக் கூடநேரம் பார்த்தார். என் புத்தி எங்கே போகும்? கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

"கயித்தை விடும் தம்பி, இடுப்பு நோகுது" என்றார் திரும்பாமலே.

6

பின்னேரம் ஹெலி எங்களை எடுக்க வந்தது. பொதிகளையெல்லாம் ஒன்றாகக் குவித்து, அதைச் சுற்றி எங்களைக் குந்தவைத்து, ஜில் கொஞ்சம் முன்னால் போய் நின்றாள். இந்தமுறை நான் பஞ்சண்ணையின் ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். சத்தம் வந்தது. என் கைக்குள்ளிருந்து ஜக்கெற் வழுகிப் போனது.

அவர் எழும்பிவிட்டார். எங்களை விட்டு நாலைந்து எட்டு நடந்துபோய், அந்த வெள்ளையில் தனியாக நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

ஜில் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். கேட்கவில்லை. ஹெலி இன்னும் தூரத்தில்தான் இருந்தது, ஒரு தும்பிபோல. அது நேரே எங்களிடம் வரவில்லை. சரிந்து ஒரு வட்டமடித்தது. அவர் அப்படியே நின்றார். தொப்பி பறந்துபோனது, கையை இறக்கவில்லை.  நான் தவழ்ந்துபோய் அவர் காலைப் பிடித்து இழுத்துக் குந்தவைத்தேன். அதன்பிறகுதான் ஹெலி இறங்கியது.

தளத்துக்கு வந்ததும் ஜில் எங்கள் இருவருக்கும் நல்ல ஏச்சுத் தந்தாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஏசிக்கொண்டிருக்கும்போதே பைலற் இறங்கி வந்தார். நரைத்த மீசைக்காரர். அவரும் ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பஞ்சண்ணையின் தோளில் கைவைத்து, ஏதோ சொன்னார், பிறகு ஏதோ கேட்டார்.

பஞ்சண்ணை என்னைப் பார்த்தார். பைலற் பேசிய இங்கிலீசு குளறல், மேற்குப் பக்கத்து இங்கிலீசு. அவருக்குப் பிடிபடவில்லை.

"என்ன சொல்லுறார் தம்பி? கை தெரிஞ்சுதாமோ?"

ஒரு நிமிஷம் என் வாயில் பொய் வந்து நின்றது. தெரியவில்லையாம் அண்ணை, கிட்ட வந்த பிறகுதான் ஆளையே கண்டாராம் என்று சொல்லிவிடலாம். மனிதர் ஆறுதலாக வீட்டுக்குப் போவார், சோறு தின்பார், நித்திரை கொள்வார். கேட்டது என்ன, சொன்னது என்ன என்று யாருக்குத் தெரியப்போகிறது? ஏற்கெனவே ஒருவர் அவருடைய ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டார் என்பது ஞாபகம் வந்தது. இன்னொருவனும் அதைச் செய்யக்கூடாது.

"தெரிஞ்சுதாம் அண்ணை. மலையடியிலை வரேக்கையே இரண்டு கையும் வடிவாத் தெரிஞ்சுதாம்."

அவர் தலையை ஆட்டினார். ஒருதரம், பிறகும் ஒருதரம். கண் கலங்கவில்லை. நெடுநாள் கடன் ஒன்றைக் கட்டி முடித்தவர்போல மூச்சு விட்டார்.

"பேந்தும் ஏதோ கேட்டாரே?"

"ஆருக்கும் காயமோ எண்டு கேக்கிறார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒருத்தர் நிண்டா, உதவி வேணும் எண்டுதான் இவை எடுக்கிறதாம். அதுதான் சுத்திப் பாத்தவராம்."

பஞ்சண்ணை அந்த நரைத்த மீசைக்காரரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 

"அப்பிடியும் நினைக்கலாம் என்ன, தம்பி?" என்றார்.